கேனில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

கொல்லிமலையிலிருந்து இறங்கி வந்த கார் அது. வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கியதில் முன் சக்கரங்கள் இரண்டும் கரி பூசியதுபோல் கறுத்துக் கிடந்தன. அடிவாரம் தாண்டியதும் கண்ணில் பட்ட ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டார் என் உறவினர். "கொஞ்சம் ஆசிட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும்ணே" என்றான் கடைப் பையன். அன்று சாயங்காலம் புதுசு மாதிரிதான் இருந்தது. பத்து நாள் கழித்து நான்கு அலாய் வீலும் வெள்ளை பூத்து, மேல் பூச்சு திட்டுத்திட்டாக உரிய ஆரம்பித்தது. கடைக்காரரிடம் போனால், "அது பழைய கறைங்க, எங்க வேலையில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இவர் கையில் பில் இல்லை. வண்டியை விடும்போது எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் நான்கு வீலையும் கைக்காசு போட்டு மாற்றினார்.

இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எத்தனையோ பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். கம்பி நாரால் தேய்த்தவர், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர், குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளியும் எலுமிச்சையும் போட்டவர், சலவை சோடாவைக் கரைத்து ஊற்றிவிட்டுச் சாப்பிடப் போனவர் என்று வகைவகையாக உண்டு. நாற்பது ரூபாய்க்கு வாங்கிய கக்கூஸ் ஆசிட்டை வெறுங்கையால் ஊற்றியவரும் உண்டு. வீல் போனால் வீல்தான், காசு கொடுத்தால் வேறு வாங்கலாம். பிரேக் போனாலோ, ஊற்றுகிற பையனின் விரல் போனாலோ எங்கே போய் வாங்குவது? அதனால்தான் இந்தச் சின்ன விஷயத்தை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கறை அழுக்கு அல்ல என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடில் பிசின், கிராஃபைட், உலோக இழை, சிலவற்றில் செம்பும் கலந்திருக்கும். மிதிக்கும்போதெல்லாம் இரண்டும் உராய்ந்து நுண்துகளாகத் தேய்கின்றன. துகளில் பெரும்பங்கு இரும்பு. சூடாகப் பறந்து வந்து வீலின் மேல் பூச்சில் அப்படியே பதிந்து உட்காரும். பிறகு மழையோ பனியோ பட்டதும் அந்த இரும்புத் துகள் துருப்பிடிக்கிறது. நாம் பார்க்கிற செம்பழுப்புப் புள்ளி அந்தத் துருதான். சோப்புத் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் போகாததற்குக் காரணம் இதுவே. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். ஆகவே முன் வீல்கள்தான் அதிகம் கறுக்கும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் பின்னால் இருப்பது டிரம் பிரேக். அதன் தூசி வெளியே வராமல் டிரம்முக்குள்ளேயே அடைந்து கிடக்கும். அந்த ஆபத்தைப் பிறகு சொல்கிறேன்.

அலாய் வீல் என்பது அலுமினியக் கலவை. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை மறந்துவிட்டோம். அமிலம் அலுமினியத்தை அரிக்கும். காரமும் அதே அளவுக்கு அரிக்கும். சலவை சோடாவில் ஊறிய அலுமினியக் குண்டான் கறுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். வீலின் மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு இருப்பதால் முதல் முறை ஒன்றும் தெரியாது. ஆனால் கல் தெறித்த இடம், கீறல் விழுந்த இடம், நட்டு உட்காரும் குழி என்று எங்கே பூச்சு விட்டிருக்கிறதோ அங்கே அமிலம் புகுந்துவிடும். உள்ளே புகுந்தது மேலே கழுவினால் வெளியே வராது. பத்து நாள் கழித்துப் பூச்சு உரிவது இப்படித்தான். அதற்குள் கடைக்காரர் உங்கள் முகத்தையே மறந்திருப்பார்.

கடைகளில் 'வீல் ஆசிட்', 'அலாய் பிரைட்னர்' என்ற பெயரில் பெயர்ச்சீட்டு இல்லாத கேன்களில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவோ பாஸ்பாரிக் அமிலமாகவோ இருக்கலாம். அதையும் மீறிப் பயப்பட வேண்டியது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கும் அதன் உறவான அம்மோனியம் பைஃப்ளூரைடுக்கும். உலகம் முழுக்க வீல் பளபளப்பாக்கிகளில் பயன்பட்டுவரும் பொருட்கள் இவை. மற்ற அமிலம் தோலில் பட்டால் உடனே எரியும், கையை உதறிக்கொண்டு தண்ணீரைத் தேடி ஓடுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் முதலில் வலிக்கவே வலிக்காது. சத்தமில்லாமல் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் வலி எடுக்கும். அதற்குள் சதையும் எலும்பும் பாதிக்கப்பட்டிருக்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். பட்டது தெரிந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் நிறையக் கழுவி, வலி இருக்கிறதோ இல்லையோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தக் கேனையோ, குறைந்தது அதன் படத்தையோ எடுத்துக்கொண்டு போங்கள். இதற்குத் தனி மருந்து கால்சியம் குளுக்கோனேட் ஜெல். பட்ட பொருள் எது என்று தெரியாவிட்டால் டாக்டர் சாதாரணத் தீக்காயமாக நினைத்துக் களிம்பு எழுதிக் கொடுத்துவிடக்கூடும். கேனில் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய ஷெட்டில் மூச்சு முட்டிவிடும்.

சரி, வீட்டில் எப்படிக் கழுவுவது? வண்டி ஓடி வந்ததும் கழுவக் கூடாது. மலையிறங்கி வந்த டிஸ்க் பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். அதன்மேல் பச்சைத் தண்ணீரைப் பாய்ச்சினால் டிஸ்க் கோணிப்போக வாய்ப்பு உண்டு. அப்புறம் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் உதறும். வீலில் புறங்கையை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். நிழலில் நிறுத்துங்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டுத் தளர்ந்த தூசியைப் போக்குங்கள். பிறகு கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் மெத்தென்ற பிரஷ்ஷால் கழுவுங்கள். வீலுக்கென்று தனி பக்கெட், தனித் துணி வேண்டும். வீல் கழுவிய துணியால் கதவைத் துடைத்தால் இரும்புத் தூள் பெயின்ட்டைக் கீறிவிடும். வாரம் ஒருமுறை இதைச் செய்கிறவருக்கு வேறு எதுவுமே தேவைப்படாது. ஆறு மாதம் சும்மா விட்டுவிட்டு ஒரே நாளில் பளபளக்க வேண்டும் என்று நினைப்பவர்தான் ஆசிட்டைத் தேடுகிறார்.

ஷாம்புக்கு அசையாத பழுப்புப் புள்ளிகளுக்கு 'அயர்ன் ரிமூவர்' என்று ஒன்று விற்கிறது. அதில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. முடி நீக்கும் கிரீமில் இருப்பதும் இதே குடும்பம்தான், அதே நாற்றம் அடிக்கும். இரும்பின்மேல் பட்டதும் ஊதா நிறமாக மாறி வழியும். வாங்கும்போது அமிலம் இல்லாதது, பிஎச் 7-ஐ ஒட்டியது என்று பாட்டிலில் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் முதலில் அடித்துப் பாருங்கள். பாட்டிலில் சொன்ன நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது, காயவும் விடக் கூடாது. கையுறை கட்டாயம். ஒரே தடவையில் போகாவிட்டால் கழுவிவிட்டு இரண்டாம் தடவை போடுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். தார்ப் புள்ளி என்றால் அது வேறு விஷயம், தார் நீக்கியைத் துணியில் நனைத்து அந்த இடத்தை மட்டும் துடைத்தால் போதும். கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள். போர்த் தண்ணீர் தானாகக் காய்ந்தால் உப்புக் கறை பிடிக்கும். பிறகு அதைப் போக்க இன்னொரு ஆசிட்டைத் தேடுவீர்கள்.

பிரஷர் பம்பின் முனையை டயரின் பக்கச் சுவருக்கு ஒட்டிப் பிடிக்கக் கூடாது, ரப்பர் கிழியும். வீலின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய பேலன்சிங் எடைகளைப் பெயர்த்துவிடாதீர்கள். அவை விழுந்துவிட்டால் வேகமாகப் போகும்போது வண்டி நடுங்கும்.

இதையும் கவனமாகக் கேளுங்கள். டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய்ப் பசை ஒரு துளிகூடப் படக் கூடாது. சில கடைகளில் அடிப்பாகம் துருப்பிடிக்காமலிருக்க டீசல் அடிக்கிறார்கள். டயர் கறுப்பாக மின்ன பாலிஷ் அடிக்கிறார்கள். அப்படித் தெளிப்பது வீல் சந்து வழியே டிஸ்க்கில் படிகிறது. எண்ணெய் ஊறிய பேட் பிடிக்காது. ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் வழுக்கினால் வண்டி சாலையில் திரும்பிக்கொள்ளும். டயர் பாலிஷ் வேண்டுமென்றால் பஞ்சில் தொட்டுக் கையால் பூசச் சொல்லுங்கள். ஸ்பிரே வேண்டாம். டீசல் வேண்டவே வேண்டாம்.

கழுவி முடித்ததும் வண்டியை மெதுவாக ஓட்டி நாலைந்து முறை பிரேக்கை மிதித்து உலர்த்துங்கள். நனைந்த பிரேக் முதல் மிதியில் சரியாகப் பிடிக்காது. ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தினால் பின் டிரம் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்த டிரம். பஞ்சர் கடையிலும் பட்டறையிலும் டிரம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயை வைத்து 'புஸ்ஸென்று' ஊதுவதைப் பார்த்திருப்பீர்கள். கரும்புகையாகக் கிளம்பும். பையன் முகம் முழுக்கப் படியும். பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலப்பது நெடுங்கால வழக்கம். நம் நாட்டில் அதற்கு இன்னும் முழுத் தடை இல்லை. விலை குறைந்த லைனிங்கில் அது இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆஸ்பெஸ்டாஸ் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் பிரேக் வேலையில் இப்படிக் காற்றால் ஊதுவதைத் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் தடுத்திருக்கின்றன. இங்கே கேட்பார் இல்லை. நீங்களாவது கேளுங்கள்: ஊதாதே தம்பி, ஈரத் துணியால் துடை, அல்லது பிரேக் கிளீனர் தெளித்துத் தட்டில் வடிய விடு. உங்கள் குழந்தையைப் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள்.

கறையைப் போக்குவதற்கு முன் அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். முன் வீல் இரண்டும் ஒரே அளவு கறுத்திருந்தால் சரி. ஒன்று மட்டும் மிக அதிகமாகக் கறுத்து, ஓடி வந்ததும் தொட முடியாமல் கொதித்தால் அந்தப் பக்கத்துக் காலிப்பர், அதாவது பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம், இறுகிப் பிரேக் பிடித்தபடியே ஓடுகிறது. ஒன்று மட்டும் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அந்தப் பக்கம் பிரேக்கே வேலை செய்யாமல் இருக்கலாம். வீலின் உட்புறம் எண்ணெய்போல் வழிந்திருந்தால் பிரேக் ஆயில் ஒழுகலாம், ஆக்ஸில் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கலாம். அதைக் கழுவாமல், அப்படியே படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கழுவிவிட்டுப் போனால் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

இப்போது காகிதத்துக்கு வருகிறேன். இதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். வண்டியைக் கடையில் விடும் முன் நான்கு வீலையும் தனித்தனியாகப் படம் எடுங்கள், பதிவெண்ணும் தெரியட்டும். அதே இடத்தில் நின்று அதைக் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிந்துவிடும். ஜாப் கார்டு தரும் இடம் என்றால், "முன் வலது வீலில் ஒரு கீறல், மற்ற மூன்றும் நன்றாக உள்ளன, வீலில் அமிலம் பயன்படுத்தக் கூடாது" என்று எழுதச் சொல்லி, கையெழுத்து வாங்கி, நகலைக் கேட்டு வாங்குங்கள். ஜாப் கார்டு இல்லாத கடையில் அதே வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "பில்லா? அதெல்லாம் இல்லைங்க" என்பார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 2(47) பிரிவின்படி பில் தராததே முறையற்ற வணிக நடவடிக்கை. தராவிட்டால் யுபிஐயில் பணம் கட்டுங்கள், குறிப்பில் வண்டி எண்ணைப் போடுங்கள். ரொக்கம் கொடுத்து, பில்லும் வாங்காமல் வந்தால், அந்தக் கடைக்கு நீங்கள் போனதையே நிரூபிக்க முடியாது.

வீல் கெட்டுப்போனது தெரிந்ததும் முதல் வேலை, மறுபடி படம். பிறகு வேறொரு பட்டறையிலோ வண்டிக் கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்திலோ காட்டி, பூச்சு அரித்ததற்கு என்ன காரணம், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று அவர்களுடைய லெட்டர் பேடில் எழுதி வாங்குங்கள். இந்த ஒரு தாள் இல்லாமல் போனால் வழக்கு நிற்காது. "பார்த்தாலே தெரியுது சார்" என்பது சாட்சியம் ஆகாது. அதற்குப் பின் கடைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: என்ன தேதி, என்ன வேலை, என்ன சேதம், எவ்வளவு தொகை, 15 நாளுக்குள் பதில். ஸ்பீடு போஸ்டில், பெற்றுக்கொண்டதற்கான சான்றோடு அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்பதில்லை.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் சமரசம் பேசத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவு போடும் இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் ஆணையத்தில் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வாட்டர் வாஷுக்கு யார் ஐந்து லட்சம் கொடுக்கப்போகிறார்கள்? கடை இருக்கும் ஊருக்கே போக வேண்டும் என்பதும் இல்லை. 34-ஆம் பிரிவுப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். நாமக்கல்லில் கெட்டதற்குத் திருச்சியில் வழக்குப் போடலாம். என் உறவினருக்கு இது தெரிந்திருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்திருக்கும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். புகார் மனு, தேதிவாரியாக நடந்தவை ஒரு தாளில், ஆவணப் பட்டியல், ஆவணங்கள், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், இவை போதும். எத்தனை நகல் வேண்டும் என்று ஆணைய அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள். 'இ-ஜாக்ரிதி' இணையதளம் வழியாக வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். படங்களை அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். காலக்கெடு 2 ஆண்டு. மூன்று மாதத்தில் தீர்ப்பு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் இழுக்கத்தான் செய்யும். காலியிடங்களை நிரப்பாமல் ஆணையங்களை நடத்தினால் வேறெப்படி ஆகும்? இருந்தாலும் தாக்கல் செய்யுங்கள். "வண்டிச் சேதத்துக்குக் கடை பொறுப்பல்ல" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். கவனக்குறைவான வேலைக்கு அந்தப் பலகை பாதுகாப்பு ஆகாது.

நீங்களே கடையில் வாங்கும் பாட்டிலுக்கும் விதி உண்டு. தயாரித்தவரின் பெயர், முகவரி, அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், எம்.ஆர்.பி. விலை, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்நாட்டில் புகார் கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை. அந்த மாவட்டத்தின் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் என்று கேளுங்கள். எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. கலெக்டர் ஆபீசில் பலருக்கே இது தெரிவதில்லை.

ஆசிட் விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்த்து, பெயரும் காரணமும் பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது. மீறினால் பறிமுதல், 50,000 ரூபாய் வரை அபராதம். அதை விதிக்க வேண்டியவர் உட்கோட்ட நடுவர், அதாவது நம் ஊரில் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். தீர்ப்பு வந்து இத்தனை வருஷம் ஆகியும் மளிகைக் கடையில் பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றி விற்கிறார்கள். ஸ்கூல் பையன் கேட்டாலும் கொடுக்கிறார்கள். எந்தப் பதிவேட்டை எந்த அதிகாரி போய்ப் பார்த்தார்? கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கொடுங்கள், அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும்.

கடைகளில் ஆசிட் ஊற்றுவது பெரும்பாலும் செருப்புகூட இல்லாத பையன்கள். 14 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை அங்கே நின்றால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. பெரியவராக இருந்தாலும் கையுறை, பூட்ஸ், கண்ணாடி இல்லாமல் வேலை வாங்கும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

அடுத்த முறை வண்டியை விடும்போது கீழே இறங்கி, "தம்பி, வீலுக்கு என்ன அடிக்கிறீங்க, அந்தக் கேனைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். பெயர்ச்சீட்டு இல்லையென்றால், ஷாம்பும் தண்ணீரும் மட்டும் போதும் என்று சொல்லுங்கள். அதற்கும் ஒப்புக்கொள்ளாவிட்டால் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.